நெல்லறைக்குள் புத்தக அடுக்கு: கல்பாத்தி அக்ரஹார வீடொன்றை நூலகமாக்கிய வேலைக்குறிப்பு

பழைய வீட்டை நூலகமாக்கப் போகிறோம் என்றதும் பேச்சு பெயின்ட்டிலும் மேசை நாற்காலியிலும்தான் தொடங்கும். தொடங்க வேண்டிய இடம் எடைக்கணக்கு. குடியிருக்கும் வீட்டுத் தரைக்கு, கட்டடச் சுமைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 இரண்டாம் பாகம் சொல்வது சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. படிப்பறையாகிவிட்டால், புத்தகம் வேறு அறையில் இருந்தால் 3, அதே அறையில் இருந்தால் 4. புத்தக அடுக்கறைக்கு 2.2 மீட்டர் உயரம் வரை 6. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் இன்னும் 2. ஆக, மனிதர் வாழ்ந்த தரையில் புத்தகத்தை அடுக்கினால் சுமை மூன்று மடங்கு. நூறு வருஷம் அசையாமல் நின்ற வீடு, நூலகமான நாலாம் வருஷம் மச்சு தொய்ந்து நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பாலக்காடு கல்பாத்தியில் ஓர் அக்ரஹார வீட்டில் செய்த வேலைகளை இங்கே எழுதுகிறோம். அளவுகள் அந்த வீட்டுக்கானவை. முறையும் காரணங்களும் பக்கத்து அக்ரஹாரங்களான சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் வீடுகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வீட்டின் அமைப்பு

முகப்பு 5.5 மீட்டர், ஆழம் 32 மீட்டர். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர். தெருவிலிருந்து உள்ளே போனால் திண்ணை, ரேழி (வாசலை அடுத்த நடை), முற்றத்தோடு கூடிய கூடம், கூடத்தின் பக்கவாட்டில் நெல்லறை, ரெண்டாங்கட்டு, அடுக்களை, கிணற்றடியில் தண்ணீர் புழங்கும் கொட்டத்தளம், அப்புறம் கொல்லை. ரேழிக்கும் கூடத்தின் முன்பாதிக்கும் மேலே மரப்பலகை போட்ட மச்சு. சுவர் வெட்டுக்கல்லும் செங்கல்லும் கலந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய 450 மி.மீ. கனம். பக்கச் சுவர்களில் ஜன்னலே கிடையாது. வெளிச்சமும் காற்றும் வாசல், முற்றம், கொல்லை என்ற மூன்று வாய்களால்தான் வரும். இந்த மூன்றில் எதை அடைத்தாலும் மற்ற இரண்டும் பாதி செத்துப்போகும்.

கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயில் 1425 வாக்கில் எழுந்தது என்பார்கள். ஊருக்கு அவ்வளவு வயது இருந்தாலும் இன்று நிற்கும் வீடுகளின் மரவேலையும் ஓடும் பெரும்பாலும் மிகப் பிற்பட்டவை. மங்களூர் ஓடு என்று நாம் சொல்வதே 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிய பிறகு வந்ததுதான். எனவே ஓட்டைப் பார்த்து வீட்டின் வயதைச் சொல்லக்கூடாது; அடித்தளமும் கதவு நிலையும் வேறு காலத்தவையாக இருக்கலாம்.

நெல்லறைதான் இந்த வீட்டின் சரித்திரம். பாலக்காட்டு அக்ரஹாரங்கள் பாட்ட நெல்லில், அதாவது குத்தகையாக வரும் நெல்லில், நடந்தவை. அறுவடைக்குப் பின் வண்டி வண்டியாக வரும் நெல்லுக்கென்று கட்டிய அறை இது. கேரள நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்ததும் பாட்டம் ஒழிந்தது, நெல்வரவு நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் வேலைக்குப் போனார்கள். அறை காலியானது, பல வீடுகளில் பாத்திரம் போடும் இடமானது. இங்கே புத்தக அடுக்கறையாக வைத்துக்கொண்டது அந்த அறையைத்தான். காரணம் உணர்ச்சி இல்லை, எடை.

அனுமதி

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்புச் சின்னம் வேறு, பாரம்பரியப் பகுதி வேறு. பாலக்காட்டுக் கோட்டை போன்ற மத்தியச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரில் புதுக்கட்டடம் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. கல்பாத்தி வீடுகள் அந்த வகையல்ல. இங்கே நகராட்சியின் கட்டட அனுமதியோடு கலை மற்றும் பாரம்பரிய ஆணையத்தின் சம்மதமும் வேண்டும். கோப்பில் வைக்க வேண்டியவை: வேலைக்கு முந்தைய அளவுப்படம், தெருமுகப்பின் புகைப்படம், ஒவ்வோர் அறையிலும் எது கழற்றப்படும் எது புதிதாக வரும் என்ற பட்டியல், புதிதாக வருவதைச் சுவரையும் மரத்தையும் காயப்படுத்தாமல் மறுபடி கழற்ற முடியுமா என்ற விளக்கம். கடைசியாகச் சொன்னதை எழுதித் தந்தால் கேள்விகள் குறையும். குடியிருப்பு பொதுப்பயன்பாட்டு இடமாக மாறுவதால் பயன்பாட்டு மாற்றத்துக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மின் இணைப்பின் கட்டணப் பிரிவில் வந்து இடிக்கும்.

இன்னொன்று: ஐப்பசிக் கடைசியில் தேர். சாரக்கட்டு தெருவில் நிற்கக்கூடாது. முகப்பு வேலையை அதற்கு முன்பே முடிக்க வேண்டும், இல்லையென்றால் தேர் நிலைக்கு வந்த பிறகு தொடங்க வேண்டும்.

நெல்லறை

உள்ளளவு 2.4 மீட்டருக்கு 3 மீட்டர். தரை மண்ணில் இல்லை, 300 மி.மீ. உயரத்தில் 38 மி.மீ. பலாப்பலகை, கீழே 100க்கு 150 மி.மீ. உத்தரங்கள் 450 மி.மீ. இடைவெளியில். நெல்லின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 575 கிலோ. ஒன்றரை மீட்டர் உயரம் கொட்டினால் சதுர மீட்டருக்கு 860 கிலோவுக்கு மேல். புத்தக அடுக்கறைக்கு விதி கேட்பது சுமார் 610 கிலோதான். நெல்லைத் தாங்கிய தரை புத்தகத்தைத் தாங்கும், மரம் கெடாமல் இருந்தால்.

அந்த ‘இருந்தால்’ என்பதைப் பார்க்கத்தான் பலகையைத் தூக்க வேண்டும். இவ்வகைத் தரையில் பலகைகள் ஆணியில்லாமல் காடியில் கோத்திருக்கும். சுவரோரக் கடைசிப் பலகையில்தான் திறவு. அதைத் தூக்கினால் மற்றவை வழுக்கிக்கொண்டு வரும். நடுவில் நெம்புகோல் போட்டால் காடி பிளந்துவிடும், பிறகு ஆசாரியிடம் என்ன சொல்லியும் பயனில்லை. ஒவ்வொரு பலகைக்கும் அடியில் சுண்ணக்கட்டியால் எண் போட்டு அதே வரிசையில் சாய்த்து வையுங்கள்.

உத்தரத்தின் நடுப்பகுதி கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். கெடுவது சுவருக்குள் போகும் முனை. கூர்மையான குத்தூசியை முனையில் சாய்வாக அழுத்துங்கள். 3 மி.மீ. வரை போய் நின்றால் மரம் உறுதி. 10 மி.மீ. சத்தமில்லாமல் இறங்கினால் உள்ளே பொடி. சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் முனை சுவருக்குள் இருக்கும்போது சத்தம் ஏமாற்றும், குத்தூசி ஏமாற்றாது. இங்கே ரெண்டாங்கட்டுப் பக்கத்து உத்தரமொன்றில் 200 மி.மீ. நீளம் பொடியாகியிருந்தது. சுவரின் மறுபக்கம் தண்ணீர்த்தொட்டி. தொட்டியை அகற்றாமல் உத்தரத்தை மட்டும் மாற்றினால் பத்து வருஷத்தில் அதே வேலை திரும்ப வரும்.

முழு உத்தரத்தையும் மாற்றத் தேவையில்லை. கெட்ட முனையை நல்ல மரம் தெரியும்வரை அறுத்தெடுத்து, இரண்டு பக்கமும் 50க்கு 150 மி.மீ. தேக்குத் துண்டு, 900 மி.மீ. நீளத்தில், 12 மி.மீ. போல்ட் ஆறு போட்டு ஜோடி சேர்த்தோம். போல்ட்டுகள் ஒரே கோட்டில் வரக்கூடாது, மேலும் கீழுமாக மாறி வர வேண்டும். ஒரே கோடென்றால் நரம்போடு பிளக்கும். வாஷர் 50 மி.மீ. சதுரம். புது முனை சுவரில் உட்காரும் இடத்தில் கருங்கல் பட்டை. முனையைச் சுற்றி 20 மி.மீ. காற்றிடைவெளி. இடைவெளியைச் சாந்தால் அடைத்து அழகு பார்க்க மேஸ்திரிக்குக் கை துறுதுறுக்கும். விடாதீர்கள். சாந்துக்குள் புதைந்த மரமுனை ஒருமுறை நனைந்தால் காயாது.

நெல்லுக்கும் புத்தகத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நெல் தரை முழுதும் பரவி அமுங்கும், அலமாரி நாலு காலில் குத்தி நிற்கும். எனவே அலமாரிக் கால்களுக்குக் கீழே 100க்கு 50 மி.மீ. ஓட்டுக்கட்டை, உத்தரங்களுக்குக் குறுக்காக. அப்போது ஒரு சட்டகத்தின் சுமை மூன்று உத்தரங்களுக்காவது பிரியும்.

அடுக்கு வரிசை: நீளச்சுவர் இரண்டிலும் நாலு நாலு சட்டகம், நடுவில் இருமுக வரிசையில் பக்கத்துக்கு மூன்று, மொத்தம் 14. ஒவ்வொன்றும் 750 மி.மீ. அகலம், ஆறு தட்டு. சுவரிலிருந்து 100 மி.மீ. தள்ளி, அடித்தட்டு தரையிலிருந்து 150 மி.மீ. மேலே. தட்டின் பயன்நீளம் 700 மி.மீ. என்று கொண்டால் மொத்தம் 58.8 மீட்டர். புத்தகம் மீட்டருக்கு 35 கிலோ, சட்டகம் ஒன்று 40 கிலோ. எல்லாம் சேர்ந்து சுமார் 2,620 கிலோ, சதுர மீட்டருக்கு 364. தாராளமாகத் தாங்கும். ஆனால் நடைவழி 600 மி.மீ.தான் மிஞ்சும். பொதுமக்கள் நடமாட 900 வேண்டும். அதனால் இது நூலகர் மட்டும் புகும் அறை: பழைய இதழ்த் தொகுப்புகள், இரட்டைப்படிகள், அதிகம் கேட்கப்படாத நூல்கள். அடிக்கடி எடுப்பவை கூடத்தில்.

இந்த அறையின் குறை காற்று. ஒற்றைக் கதவு, ஜன்னல் இல்லை. நெல் கொட்டும் மேல்வாய் கூடத்துப் பக்கம் திறந்திருந்தது. அதில் கம்பிவலைச் சட்டம் வைத்து, பலகைத் தரையில் இரண்டு மூலையிலும் 20 மி.மீ. பிளவு விட்டோம். கீழ்க்காற்று பலகைக்கடியிலிருந்து ஏறி மேல்வாயில் வெளியேறும். பழைய கதவு அப்படியே. அதற்குள்ளே ஆப்பு வைத்து நிறுத்திய சட்டத்தில் சாய்பலகைக் கதவு ஒன்று.

ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். 45 முதல் 55 வரை இருந்தால் நல்லது. ஜூன், ஜூலையில் மின்விசிறியை வைத்து வெளிக்காற்றை இழுத்தால் ஈரம் உள்ளேதான் வரும். மழை விடாத நாளில் அறையை மூடிவைத்து, நாளைக்கு 10 லிட்டர் இழுக்கும் சிறு ஈரநீக்கி ஓடவிடுவதே வழி. வெயில் வெளுத்த நாளில் முற்பகல் பதினொன்று முதல் நாலு மணிவரை திறக்கலாம். உள்ளே ஒன்று, முற்றத்தில் ஒன்றென்று இரண்டு ஈரமானி வாங்குங்கள். ஒன்று மட்டும் இருந்தால் திறப்பதா மூடுவதா என்று தெரியாது.

மச்சு

மேலே ஓர் அறை சும்மா கிடக்கிறதே, அங்கே அலமாரி வைக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்கு இது. விட்டங்கள் 75க்கு 125 மி.மீ., இடைவெளி 400 மி.மீ., தாவும் நீளம் 2.7 மீட்டர். தேக்குக்குச் சட்டப்படி அதிகம் எடுக்கலாம் என்றாலும் பழைய மரமென்பதால் வளைவுத் தகைவு, அதாவது வளையும்போது மரம் தாங்கும் அளவு, சதுர மி.மீ.க்கு 8 நியூட்டன் என்று அடக்கமாக வைத்தோம். மொத்தம் தாங்குவது சதுர மீட்டருக்கு 4.3 கிலோநியூட்டன். பலகை, விட்டம், பலகைமேல் பரப்பிய 75 மி.மீ. மண் இவற்றின் சொந்த எடை 1.7. மிஞ்சுவது 2.6.

2.6 என்றால் வீட்டுக்குப் போதும், படிப்பறைக்கு வேண்டிய 3 இல்லை, புத்தகத்துக்கு அருகில்கூட வராது. மண்ணை வாரிவிட்டால் 1.35 கூடுமே என்று ஒரு யோசனை வரும். அந்த மண்தான் ஓட்டுச்சூடு கீழே இறங்காமல் தடுப்பது, மேலே நடக்கும் சத்தம் வாசகர் தலையில் விழாமல் காப்பது, தீப்பிடித்தால் பலகைக்குச் சற்று நேரம் வாங்கித் தருவது. வாரவில்லை. மச்சில் நிர்வாகக்குழு மேசை ஒன்று, நாற்காலி ஆறு, பதிவேட்டுப் பெட்டி ஒன்று. அவ்வளவுதான். மேற்கண்ட கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்; விட்டமுனைகளைக் குத்தூசியால் பார்க்காமல் கையெழுத்திடுபவரை நம்ப வேண்டாம்.

கூரை

ஓட்டை முழுதும் ஒரே நாளில் இறக்காதீர்கள். முகட்டிலிருந்து கீழ்நோக்கி, ஒரு தடவைக்கு நாலைந்து கைமர (ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) இடைவெளி மட்டும் பிரித்து இறக்கி, அன்றைக்கே தார்ப்பாய் கட்டுங்கள். பாலக்காட்டுக் கணவாயில் கோடைமழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

இறக்கிய ஓட்டை விரல்முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, ‘பொத்’தென்றால் உள்ளே கீறல், கழித்துவிடுங்கள். சதுர மீட்டருக்கு சுமார் 15 ஓடு பிடிக்கும். இங்கே பலரும் கவனிக்காத சிக்கல் ஒன்று: பழைய ஓடும் புது ஓடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது. ஒவ்வொரு தொழிற்சாலையின் அச்சிலும் காடியின் ஆழமும் பூட்டின் இடமும் வேறு. கலந்து போட்டால் பூட்டு உட்காராமல் ஓடு ஓர் ஓரம் தூக்கிக்கொள்ளும், காற்றுமழை அதன் வழியே நுழையும். தேறிய பழைய ஓடுகளைத் தெருப்பக்கச் சரிவுக்கு மொத்தமாக எடுத்து, கொல்லைப்பக்கச் சரிவுக்கு முழுதும் புதியவை போட்டோம். தெருவிலிருந்து பார்த்தால் முகப்பு மாறவில்லை, பூட்டும் சண்டை போடவில்லை. ஓட்டின் அடியில் கம்பெனி முத்திரை இருக்கும். முத்திரை வாரியாக அடுக்கினால் பிரிப்பது சுலபம்.

ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பரின் இடைவெளியைக் கையிலிருக்கும் ஓட்டை வைத்து அளந்துதான் அடிக்க வேண்டும். ‘பன்னிரண்டரை அங்குலம்’ என்று பழக்கத்தில் அடித்துவிட்டுப் பிறகு ஓட்டைத் தேடக்கூடாது. முகட்டோட்டைச் சிமென்ட்டில் பதித்தால் மரம் அசையும்போது வெடிக்கும். சுண்ணாம்பும் மணலும் 1:3இல் பதியுங்கள்.

ஒழுகல் பெரும்பாலும் ஓட்டின் நடுவில் இராது. முற்றத்தைச் சுற்றி நாலு சரிவும் கூடும் உள்மூலைகளில் இருக்கும். அங்கே கிடந்த துருத்தகரத்தை எடுத்து, 450 மி.மீ. அகலத் துத்தநாகம் பூசிய தகரத்தை நடுவில் 25 மி.மீ. மடிப்பு எழுப்பிப் போட்டோம். மடிப்பு இல்லாவிட்டால் ஒரு சரிவில் வேகமாக வரும் தண்ணீர் எதிர்ச்சரிவின் ஓட்டுக்கடியில் ஏறிவிடும்.

முற்றம்

முற்றத்தின்மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. போட்ட வீட்டில் மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து பாருங்கள். சுடுகாற்று ஏறி வெளியேறும் வாய் அதுதான். நூலகத்துக்குச் சாரல் ஆகாதென்பதும் உண்மை. ஆகவே முற்றத்தின் கூரைவிளிம்புக்கு 450 மி.மீ. மேலே, நாலு பக்கமும் திறந்த, தனிக்கால்களில் நிற்கும் இலேசான கண்ணாடிக் கூரை. பழைய மரத்தில் ஒரு திருகாணிகூட இறங்கவில்லை. ஓரத்தில் மூங்கில் தட்டி, சாரல் நாளில் இறக்கலாம்.

முற்றத்தில் வடிவது நாலு சரிவும் சேர்த்து 40 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. மழை கொட்டினால் 4,000 லிட்டர், நொடிக்கு ஒரு லிட்டருக்குமேல். பழைய கல்தூம்பின் உள்வழி பாதியளவு சேறும் வேருமாக அடைந்திருந்தது. தூம்பைச் சுத்தம் செய்து, அதன் மறுமுனையில் 110 மி.மீ. குழாய், 1:50 சரிவு, கொல்லைக்கு. வாய்க்குப் பித்தளைச் சல்லடை. இலை அடைத்தால் கையால் தூக்கும்படி.

சுவர்

கூடத்துச் சுவரில் இடுப்புயரத்துக்கு யாரோ எப்போதோ சிமென்ட் பூசியிருந்தார்கள். அதன் மேல்விளிம்பில் உப்புப் பொரிந்து சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. வெட்டுக்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப்பூச்சு வழியே அது ஆவியாகிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் போக இடமின்றி மேலேறி, சிமென்ட் முடியும் இடத்தில் வெளியே வந்து உப்பை விட்டுச் செல்கிறது. அதற்குமேல் இன்னொரு முழம் சிமென்ட் பூசினால் உப்பு இன்னொரு முழம் ஏறும். புத்தக அலமாரியின் முதுகு இருக்கும் உயரம் அது.

சிமென்ட்டை உளியும் கைச்சுத்தியலும் கொண்டு எடுங்கள், இயந்திரம் வேண்டாம். பொதுச்சுவர் என்பதால் அதிர்ச்சி பக்கத்து வீட்டுச் சாமியறைப் படம்வரை போகும். எடுத்தபின் ஒரு மழையும் ஒரு வெயிலும் சுவரை அப்படியே விட்டு, வெளிவரும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிச் சேகரித்து வெளியே கொட்டுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

பூச்சுக்கு நீற்றி மூன்று நாலு வாரம் தண்ணீருக்கடியில் ஊறிய சுண்ணாம்பு. ஈரமான கீழ்ப்பகுதிக்குச் சுண்ணாம்பு 1, சுர்க்கி (செங்கல் தூள்) 1, மணல் 2. மேலே சுண்ணாம்பு 1, மணல் 3. கலவைத் தண்ணீர், 20 லிட்டர் வாளிக்கு நொறுக்கிய கடுக்காய் அரைக்கிலோ, வெல்லம் அரைக்கிலோ, ஒரு வாரம் புளிக்க வைத்து வடித்தது. வெல்லத்தைக் கூட்டினால் பலம் கூடும் என்று நினைத்து அள்ளிப் போடுவார்கள். சர்க்கரை அதிகமானால் இறுகுவது தாமதப்படும், அவ்வளவே. ஒரு பூச்சுக்கு 10 முதல் 12 மி.மீ., அடுத்தது ஒரு வாரம் கழித்து.

பருவம் முக்கியம். ஆடியில் பூசினால் காயாது. மார்கழி, தையில் கணவாய் வழியே வரும் கிழக்குக்காற்று ஒரே மத்தியானத்தில் உலர்த்தி வெடிக்க வைக்கும். அந்த மாதங்களில்தான் வேலையென்றால், நனைத்த சணல்சாக்கை வாசலிலும் முற்றத்தின் நாலு பக்கமும் தொங்கவிட்டு, பூச்சை ஏழு நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். அதே காற்றுதான் மரத்தைச் சுருக்கவும் செய்வது. தையில் இறுக்கமாகப் பொருத்திய கதவு ஆடியில் திறக்காது. மார்கழி, தையில் பொருத்தினால் ஓரத்துக்கு 3 மி.மீ. விடுங்கள்.

கரையான்

மருந்து இமிடாகுளோப்ரிட் 30.5 எஸ்.சி. என்ற திரவம், லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. சுவரும் தரையும் சேரும் கோட்டில் 300 மி.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை, துளைக்கு ஒரு லிட்டர், பிறகு சுண்ணாம்பால் அடைப்பு. மருந்து இறங்காத துளையில் வலுக்கட்டாயமாக ஊற்ற வேண்டாம். கீழே கல் இருக்கும், அரையடி தள்ளித் துளையுங்கள். கொட்டத்தளத்திலும் கிணற்றைச் சுற்றியும் மருந்தே வேண்டாம். அந்தப் பகுதியில் மரம் மண்ணைத் தொடாதபடி கல்மேல் தூக்கிவைப்பதும், மாதத்துக்கொருமுறை மண்குழாய் ஏறுகிறதா என்று பார்ப்பதுமே பாதுகாப்பு. பொதுச்சுவரில் துளையிடும் முன் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். 

கூடத்து அலமாரியும் வெளிச்சமும்

18 மி.மீ. பிளைவுட் தட்டு 900 மி.மீ. நீளத்தில் புத்தகம் நிறைந்தால் தொடக்கத்திலேயே 4 மி.மீ. தொய்யும், ஆண்டுகள் போனால் அது இரட்டிக்கும். 750இல் பாதிதான். ஆகவே எல்லாச் சட்டகமும் 750. முன்விளிம்பில் 40 மி.மீ. மரப்பட்டை அடித்தால் இன்னும் நிற்கும். சிவப்பு ஆக்ஸைடு தரையில் இரும்புக்கால் குத்தினால் நிலாவடிவக் கீறல் விழும், அதைப் பழைய நிறத்தில் ஒட்டவைக்கும் கைகள் இப்போது அரிது. கால்களுக்குக் கீழே 75க்கு 25 மி.மீ. மரப்பட்டை, அதன் அடியில் கம்பளித்துண்டு.

படிப்பு மேசைகள் முற்றத்தின் வடக்கு, தெற்கு ஓரங்களில். பத்திரிகை திண்ணையில், கேரளத்துக் கிரந்தசாலைகளில் காலைப் பேப்பருக்கு வருபவர்தான் பாதிப்பேர், அவர்களுக்குச் செருப்பைக் கழற்றி உள்ளே வரச் சொல்வது சரிவராது. மேசைமேல் 300 லக்ஸ் வெளிச்சம். ஒயருக்காகச் சுவரை வெட்டவில்லை. விட்டத்தின் மேல்மூலையில் மரப்பட்டி ஓட்டி, பிரிவுக்கு ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி). தீயணைப்பானில் ஏபிசி பொடிவகை வேண்டாம். தீ அணைந்தாலும் பொடி புத்தகத்தில் ஏறி நிற்கும். மின்பலகைக்குக் கரியமில வாயு ஒன்று, கூடத்துக்குத் தண்ணீர் வகை ஒன்று.

சக்கர நாற்காலிக்கு வாசல் உதவாது. திண்ணைப்படி 450 மி.மீ.; 1:12 சரிவென்றால் 5.4 மீட்டர் சாய்தளம் தெருவில் நீளும், தேரும் போக வேண்டும், அனுமதியும் கிடைக்காது. கொல்லைப்பக்கம் 150 மி.மீ. உயரம்தான். 1.8 மீட்டர் மரச் சாய்தளம் அங்கே, கழற்றக்கூடியது. கொல்லைச் சந்தில் பெயர்ப்பலகையும் அழைப்புமணியும் வைத்தோம். பின்வாசலால் வருபவர் யாரையும் தேடி நிற்கக்கூடாது.

புத்தகம் உள்ளே வரும்போது

நன்கொடைப் புத்தகம் நேரே அடுக்குக்குப் போகக்கூடாது. கொட்டத்தளத்தில் உதறி, ஒவ்வொன்றின் முதுகுத்துணியையும் பாருங்கள். ஊசித்துளையும் மாவுப்பொடியும் இருந்தால் புழு உயிரோடு இருக்கிறது. பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 20 பாகை செல்சியஸில் ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து, வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். குளிரோடு பிரித்தால் தாளில் தண்ணீர் கோக்கும். ரசகற்பூர உருண்டை வேண்டாம். அந்த வாசனையில் நாலு மணிநேரம் உட்கார வேண்டியவர் நூலகர்.

வகைப்படுத்தலில் டூயி தசம எண் முறையே. தமிழிலக்கியம் 894.811, மலையாள இலக்கியம் 894.812, பக்கத்துப் பக்கத்தில்தான் வரும். ஊருக்கும் அது பொருந்துகிறது: இங்குள்ள தமிழ்ப்பிள்ளைகள் பள்ளியில் படித்தது மலையாளம், வீட்டில் பேசுவது தமிழ். முதுகுச்சீட்டில் எண்ணோடு இரண்டு எழுத்திலும் ஆசிரியர் பெயரின் முதலெழுத்தைப் போட்டால் எந்தப் பக்கத்து வாசகரும் தானே எடுத்துக்கொள்வார். மலபாரோடு பாலக்காடும் மதராஸ் மாகாணத்தில் இருந்ததால் 1948இன் மதராஸ் பொது நூலகச் சட்டத்துக்குள் முதலில் வந்தது. இப்போது பொருந்துவது 1989இன் கேரளச் சட்டம். நூலகக் கவுன்சிலில் இணைப்புக் கேட்கும்போது சேர்ப்புப் பதிவேடு முதல் புத்தகத்திலிருந்தே ஒழுங்காக இருக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து எழுதிச் சேர்ப்பது கூரை மாற்றுவதைவிடக் கஷ்டம்.

பராமரிப்புக்கு: மேமாதம் உள்மூலைத் தகரமும் தூம்பும், புரட்டாசியில் நெல்லறைப் பலகை இரண்டைத் தூக்கி உத்தரமுனைக்குக் குத்தூசி, இரண்டு வருஷத்துக்கொருமுறை சுண்ணாம்படிப்பு, முதல் கை தண்ணீராகவே. மச்சுப் படியடியில் ‘ஆறு பேருக்குமேல் ஏறக்கூடாது’ பலகை, இரண்டு மொழியிலும். கொட்டிலில் பழைய முத்திரை ஓடு எழுபத்தைந்தும் புது ஓடு எழுபத்தைந்தும் தனித்தனியாக அடுக்கி, எது எந்தச் சரிவுக்கு என்று சுவரிலேயே எழுதிவைத்திருக்கிறது.